புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்

புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். சங்கரவடிவு டீச்சருக்கு உட்கார்ந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை, வரிசையாக மூணு பூஜ்யம்! வித்தியாசம் பூஜ்யம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனி ஆவுடைநாயகம் சார் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாராம்? அறையில் அவளைத் தவிர யாருமில்லை. பதினெட்டு கம்ப்யூட்டரில் பதினொன்று ஓடாது, ஓடுகிற ஏழில் இது ஒன்றுதான் அவள் சொன்ன பேச்சைக் கேட்கும், அதுவும் ஒவ்வொரு தடவையும் அந்த வட்டத்தைச் சுற்றவிட்டு, இவள் பொறுமையைச் சோதித்துவிட்டுத்தான் கேட்கும். சுற்றட்டுமே, மூணாம் பீரியட் மணி இப்போதுதான் அடித்தது, மத்தியான மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கிறது. அம்பாசமுத்திரத்தில் இந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவள் பி.டி. டீச்சராக வந்து பத்தொன்பது வருசம். அதில் பதினோரு வருசம் கணக்கு வாத்தியார் ஆவுடைநாயகத்தோடு. மனுசன் தங்கமானவர், ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. ஆனால் வாரத்துக்கு ரெண்டு தடவை, பிள்ளைகள் ஷூ மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற நேரமாகப் பார்த்து, கையெல்லாம் சாக்பீஸ் மாவோடு வந்து நிற்பார். "டீச்சர், கோவிச்சுக்கிடாதீய, எட்டாங்கிளாஸுக்கு போர்ஷன் நிக்கி, இந்த ஒரு பீரியட மட்டும் எடுத்துக்கிடுதேன்." இந்த ஒரு பீரியட மட்டும். அந்த 'மட்டும்' எத்தனை தடவை வந்திருக்கும் என்று எண்ணினால் அவருடைய சாக்பீஸே தீர்ந்துபோகும். அந்தப் பிள்ளைகள் முகம் இருக்கிறதே, ஏ யப்பா, ஷூ லேஸை அவிழ்க்கும்போது ஒன்றாவது நிமிர்ந்து பார்க்குமா? பார்க்காது.

அதனால்தான் ஜூன் மாசம் எச்.எம். பிலோமினா அம்மா அறையில் ரெண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். விளையாட விட்டால் மார்க் குறையும் என்றார் அவர். குறையாது என்றாள் இவள். குறையும், குறையாது, குறையும், குறையாது என்று சின்னப் பிள்ளைகள் மாதிரி மல்லுக்கு நின்றதில் பிலோமினா அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பார்த்துருவோம். எட்டு ஏ-க்கு பி.டி. பீரியட யாரும் தொடக்கூடாது. எட்டு பி பி.டி. பீரியட் பூரா கணக்குக்கு. அரையாண்டுப் பரீட்சைக் கணக்கு மார்க்கை ஒப்பிட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாள் குடுங்க. பி பிள்ளைங்க நெசமாவே கூட வாங்கியிருந்தா ரெண்டு கிளாஸ் பி.டி.யும் கணக்குக்கு. இல்லன்னா ரெண்டு கிளாஸுக்கும் பி.டி. திரும்ப வந்துரும்." ஆறு மாசம் ஓடிவிட்டது. அரையாண்டு முடிந்து, லீவு முடிந்து, புது டைம்டேபிள் இன்று மத்தியானம் போர்டில் ஒட்டப் போகிறார்கள், அந்தத் தாள் அதற்கு முன் எச்.எம். மேசைக்குப் போக வேண்டும். அறுபத்தாறு பிள்ளைகளின் விளையாட்டு இந்த ஒரு தாளில். ஆனால் இப்போது என்ன கவலை, அதுதான் மூணு பூஜ்யம் வந்துவிட்டதே, பி பிள்ளைகளுக்கு முதலில் கோ-கோ தான், ஆறு மாசமாகக் கால் மரத்துப்போய்க் கிடக்கும் பாவம், முதல் நாளே ஓடவிட்டால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு அழும், மெதுவாக ஆரம்பிக்கணும், மூணு பூஜ்யம், மூணு பூஜ்யம், ஆமா, அப்புறம் ஏன் மேலே சராசரி என்று ஏ-க்கு ஐம்பத்தேழும் பி-க்கு அறுபத்தொண்ணும் போட்டிருக்கிறது?

வித்தியாசம் பூஜ்யம் என்றால் ரெண்டும் ஒன்றாகத்தானே இருக்கணும். நாலு மார்க் எங்கே போச்சு? அவள் வாத்தியார்களுக்கு நடத்திய செயலாய்வுப் பயிற்சியில் எழுதிய நோட்டை எடுத்தாள். திருநெல்வேலியில் ரெண்டு நாள் போட்ட பயிற்சி, முதல் நாள் பூராவும் அறிமுகம், ரெண்டாம் நாள் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் மார்க்கை ஒப்பிடுகிற இந்த மென்பொருளைத் திறந்து காட்டினார்கள், காற்றாடிக்குக் கீழே எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம். இவளுக்கும் சொருகியது, எழுத்து ஒரு இடத்தில் பல்லாங்குழி ஆடியிருக்கிறது பார். 'கடைசிக் கட்டத்தில் வருவது வித்தியாசம் அல்ல.' அல்ல என்று அடிக்கோடு வேறு போட்டிருக்கிறாள், புண்ணியவதி. 'நெசமான வித்தியாசமே இல்லைன்னு வச்சுக்கிட்டா, தற்செயலாவே இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பது. புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு எனக் கொள்க.' உண்டு எனக் கொள்க. புள்ளி பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் என்றால் ஐந்துக்கு எவ்வளவு கீழே? பாதாளத்தில். அடக் கடவுளே. அப்படியென்றால் இது ஜெயிச்சது இல்லையா, தோத்ததா? கோ-கோ போச்சு. த்ரோபால் போச்சு. தற்செயலாக வர வாய்ப்பே இல்லாத அளவுக்கு பி பிள்ளைகள் கூட வாங்கியிருக்கிறார்கள், ஆவுடைநாயகம் சார் சொன்னதுதான் சரி, அவர் கையெழுத்தை எவ்வளவு அழகாகப் போடுவார், அந்த நீட்டல் சுழித்தலோடு. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் ஆறாங்கிளாஸ் பிள்ளைகள் கத்துவது கேட்டது. ஏட்டி சங்கரவடிவு, உனக்கு எதுக்குடி இந்தக் கம்ப்யூட்டரும் கழுதையும், விசில ஊதிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா?

இருக்கட்டும், மூச்சை இழுத்து விடு. தோற்றால் ஸ்கோர் ஷீட்டை முதலில் சரிபார்க்கணும், அழுகை அப்புறம். அவள் மேலே இருந்து வாசித்தாள். எண்ணிக்கை முப்பத்திரண்டு. ஏ-யில் முப்பத்திரண்டு பேர், சரி. பி-யிலும் முப்பத்திரண்டு. பி-யில் முப்பத்துநாலு பேர் இல்லையா? ரெண்டு பேர் எங்கே? விரலை வைத்து எண்ணினாள், முப்பத்துநாலு மார்க்கும் கட்டத்தில் கிடக்கிறது, கம்ப்யூட்டர்தான் ரெண்டைத் தள்ளிவிட்டது. எதைத் தள்ளியது? கடைசி ரெண்டை. மார்க் லிஸ்ட் ஆவுடைநாயகம் சார் எழுதிக் கொடுத்தது, அவர் எப்போதும் ரேங்க் வரிசையில்தான் எழுதுவார். அப்படியென்றால் கடைசி ரெண்டு, இருபத்துமூணும் பத்தொன்பதும், இசக்கியம்மாளும் சுடலைவடிவும். ஓட்டப்பந்தயத்தில் முன்னால் ஓடுகிறவளையும் முந்திப் போகிற பிள்ளைகள்! அவர்களை ஏன் கோட்டுக்கு வெளியே நிறுத்தினாய்? கம்ப்யூட்டரா நிறுத்தியது, இவள்தான். மெனுவில் மூணு டெஸ்ட் இருந்தது. ஒன்று தனித்தனிக் குழுவுக்கு, ஒன்று ஜோடிக்கு, இன்னொன்று என்னவென்று நோட்டிலும் இல்லை. இவள் கண்ணை மூடிக்கொண்டு ஜோடியை அமுக்கினாள். ஏன் அமுக்கினாள்? பத்தொன்பது வருசமாகக் கை அதற்குத்தான் பழகியிருக்கிறது. கபடி என்றால் எடைக்கு எடை பார்த்து நிறுத்து, ஓட்டம் என்றால் வயசுக்கு வயசு. ஏ முதல் ரேங்குக்கு எதிரே பி முதல் ரேங்கு, கடைசிக்குக் கடைசி, அதுதானே நியாயமான ஆட்டம் என்று தோன்றியது. ரெண்டு பேருக்கு ஜோடி இல்லை, அதனால் கம்ப்யூட்டர் அவர்களை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது.

அப்படியென்றால் தனித்தனியை அமுக்கிப் பார்க்கலாமா? பார்க்கலாம், ஆனால் அதற்கு மார்க்கெல்லாம் ஒரே நெடுவரிசையில் இருக்கணும், பக்கத்தில் ஏ என்றால் ஒண்ணு, பி என்றால் ரெண்டு. அறுபத்தாறு மார்க்கையும் திரும்ப அடிக்கணும். அடி. ரெண்டு விரல்தான், இருந்தால் என்ன. தொண்ணூத்தொண்ணு, ஒண்ணு. எண்பத்தெட்டு, ஒண்ணு. இது மகிழம்பூ, போன வருசம் கயிறு தாண்டும்போது எண்ணிக்கை விட்டுப்போகும், நடுவில் எழுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போய்விடும், அவளா எண்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள்? நாற்பத்தாறு, ஒண்ணு. இது கோமு, மணி அடித்தாலும் கிரவுண்டை விட்டுப் போகாது, போடி போடி என்று முதுகில் தட்டி அனுப்பணும். மார்க் என்று பார்த்தால் வெறும் நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ரெட்டைச் சடை ஆடுகிறது. நாலாம் பீரியட் மணி அடித்தது. ஐயோ, இன்னும் பி பாக்கி. எண்பத்தொன்பது, ரெண்டு. எழுபத்தேழு, ரெண்டு. பி பிள்ளைகளைப் பார்த்து ஆறு மாசம் ஆகிறது, பிரேயரில் பார்ப்பதோடு சரி, எதிரே வந்தால் 'டீச்சர் எங்களுக்கு எப்போ' என்று கேட்டுவிட்டு பதிலுக்கு நிற்காமல் ஓடும். இருபத்துமூணு, ரெண்டு. பத்தொன்பது, ரெண்டு. வாங்கடி ரெண்டு பேரும் உள்ளே. அமுக்கினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, இந்தச் சனியன் இப்போதா நிற்கணும், சுற்றியது. வந்தது. ஏ சராசரி ஐம்பத்தேழு புள்ளி ஆறு, பி ஐம்பத்தொன்பது புள்ளி நாலு. வித்தியாசம் ஒண்ணு புள்ளி எட்டு. கடைசிக் கட்டத்தில் புள்ளி ஆறு ஆறு ஒன்பது. ஐந்துக்குக் கீழே இல்லை, எங்கேயோ மேலே, மலை மேலே! நூறு தடவை இப்படிப் பார்த்தால் அறுபத்தேழு தடவை சும்மாவே இந்த ஒண்ணு புள்ளி எட்டோ அதுக்கு மேலேயோ வந்துவிடும். ஹா! பி.டி. வந்தாச்சு, கோ-கோ வந்தாச்சு, சங்கரவடிவு, நீ பெரிய ஆள்டி!

ஆனால் சிரிப்பு முழுசாக வரவில்லை. பாதியில் ஒரு முள் குத்தியது. இது எப்படி இருக்கிறது? முதல் டெஸ்ட் உனக்குப் பாதகம், அதனால் அது தப்பு. ரெண்டாவது உனக்குச் சாதகம், அதனால் அது சரி. தோற்கிற டீம் 'அம்பயர் சரியில்லை, திரும்ப ஆடுவோம்' என்று கத்தினால் நீ விடுவியா? விசிலைக் கடித்துத் துப்பிவிட்டு 'போட்டி முடிஞ்சுது, போ' என்று துரத்துவாய். அதையே நீ இப்போது செய்கிறாய். ஆவுடைநாயகம் சார் கேட்டால் என்ன சொல்வாய்? எனக்கு எது பிடிச்சுதோ அதை அமுக்கினேன் சார் என்றா? அவள் எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தாள், திரும்பி வந்தாள், திரும்பவும் நடந்தாள். சரி, நேர்மையாகவே கேட்போம். தனித்தனி டெஸ்ட் எனக்குப் பாதகமாக வந்து, ஜோடி டெஸ்ட் சாதகமாக வந்திருந்தால், நான் ஜோடியைச் சரி என்று சொல்லியிருக்க முடியுமா? ஏ முதல் ரேங்கும் பி முதல் ரேங்கும் யார்? ஒரே பிள்ளையா? இல்லை. ஒரே பிள்ளையை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளந்தால் ஜோடி. அக்கா தங்கையா? இல்லை. அவர்களை யார் ஜோடி சேர்த்தது? மார்க். மார்க் எப்போது வந்தது? பரீட்சை முடிந்த பிறகு. அதுதான்! கபடிக்கு எடை பார்ப்பது ஆட்டத்துக்கு முன்னால், ஆடி முடித்த பிறகு ஜெயிச்சவளை ஜெயிச்சவளோடும் தோத்தவளைத் தோத்தவளோடும் கை கோக்க வைத்துவிட்டு, இதுதான் ஜோடி என்றால் எவள் ஒத்துக்கொள்வாள்? நான் எவளையும் எவளோடும் ஜோடியாக நிறுத்தவே இல்லை, மார்க் வந்த பிறகு வரிசையாக நிறுத்தினேன், அவ்வளவுதான். எனக்குச் சாதகமோ பாதகமோ, ஜோடி இங்கே செல்லாது. அந்த முள் போய்விட்டது. அவளுக்கு இப்போதுதான் நிஜமாகவே சந்தோசம் வந்தது, ஒரு சின்ன விசிலடித்துப் பார்த்தாள்.

இனி எழுதணும். எழுதுவது அதைவிடப் பெரிய பாடு. இது வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளத் தக்கதல்ல என்பதற்கு நோட்டில் 'முக்கியத்துவம் இல்லை' என்று இருந்தது, அப்படியே தாளில் எழுதினாள். 'பி.டி. பீரியடை ஒட்டிய மார்க் வேறுபாட்டுக்கு முக்கியத்துவம் இல்லை.' எழுதிவிட்டு வாசித்தாள். பிலோமினா அம்மா எப்படி வாசிப்பார்? கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் மட்டும். பி.டி., முக்கியத்துவம் இல்லை. சோலி முடிஞ்சுது! அதை அடித்தாள். 'இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம் இல்லை.' இதுவும் இல்லை, வித்தியாசம் இல்லை என்று யார் சொன்னது, கண்டுபிடிக்க முடியவில்லை என்றுதானே சொன்னது. தொலைந்த விசிலைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் விசிலே இல்லை என்று ஆகிவிடுமா? அந்த .669-க்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இன்னும் ரெண்டு நம்பர் போட்டிருந்தது. நிஜமான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதற்கு. ஒரு பக்கம் ஏ ஆறரை மார்க் கூட, இன்னொரு பக்கம் பி பத்து மார்க் கூட. பத்து! இதை எழுதினால் ஆவுடைநாயகம் சார் அந்தப் பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவாரே. எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. எழுதாதே. எழுது. எழுதாதேடி, பிள்ளைகளை நினைத்துப் பார். பிள்ளைகளை நினைத்தாள். கோட்டை மிதித்துவிட்டு, யாரும் பார்க்காதபோதும் தானாகவே கை தூக்கி 'அவுட் டீச்சர்' என்று வருகிற பிள்ளைகள், அப்படி வரணும் என்று கத்திக் கத்திப் பழக்கியது யார்? எழுதினாள். 'ஏ வகுப்பு 32 பேர், சராசரி 57.6. பி வகுப்பு 34 பேர், சராசரி 59.4. தனித்தனிக் குழுக்களுக்கான டி-டெஸ்ட்: டி(64) = 0.43, தற்செயலாக வரும் வாய்ப்பு = .669. இந்த மார்க்கை மட்டும் வைத்து இரண்டு வகுப்புக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல முடியவில்லை. ஏ ஆறரை மார்க் வரை கூடுதலாகவும் இருக்கலாம், பி பத்து மார்க் வரை கூடுதலாகவும் இருக்கலாம்.' இருக்கலாம் என்பதை இன்னொரு தடவை அழுத்தி எழுதினாள்.

"என்ன டீச்சர், உங்க மிஷினு என்ன சொல்லுது?" ஆவுடைநாயகம் சார் வாசலில் நின்றார், கையில் சாக்பீஸ், தோளிலும் சாக்பீஸ். "வாங்க சார், இன்னா பாத்துக்கிடுங்க," என்று தாளை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார். உதடு அசைந்தது. திரும்பவும் வாசித்தார். "முதல்ல ஜோடி போட்டுத் தப்பு பண்ணிட்டேன் சார், அதுல உங்களுக்குச் சாதகமா வந்துச்சு, ஆனா அது செல்லாது," என்று கேட்காமலே சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ரேங்க் லிஸ்டுல ஜோடியா? அது எப்படிச் செல்லும், எட்டாங்கிளாஸ் பிள்ளைகூட அந்தத் தப்பு பண்ணாதே," என்று சொல்லிவிட்டு அவர் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு புள்ளி எட்டு," என்றார். "ஆமா சார்." "ஆறு மாசத்துல நாப்பத்துநாலு பீரியட் கூடுதலா எடுத்திருக்கேன் டீச்சர். தொண்ட கட்டி, பிளாஸ்க்குல வெந்நி கொண்டாந்து குடிச்சுக்கிட்டு." சாக்பீஸால் மேசை மேலேயே வகுத்துப் போட்டார். "பீரியடுக்குப் புள்ளி பூஜ்யம் நாலு மார்க்கு." அவர் முகம் போன போக்கைப் பார்த்து சங்கரவடிவுக்குப் பரிதாபமாகிவிட்டது. "பத்து மார்க்காவும் இருக்கலாம்லா சார், கீழ எழுதியிருக்கேன் பாருங்க," என்றாள் அவருக்காக. "பாத்தேன், பாத்தேன். ஆறரை நான் கெடுத்திருக்கவும் செய்யலாம்னு பக்கத்துலயே எழுதியிருக்கீயளே, அதையும் பாத்தேன்." தாளை மேசையில் வைத்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. "போதும் டீச்சர், இந்த ஒண்ணு புள்ளி எட்டுக்கு நான் கத்த முடியாது," என்று பேனாவைத் திறந்து, நீட்டல் சுழித்தலோடு கையெழுத்துப் போட்டார்.

"பி-க்கு பி.டி. இனிமே எப்போ?" என்றார். "செவ்வாயும் வெள்ளியும், கடைசி பீரியட் சார்." இன்றைக்கு வெள்ளி. அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தார், பரீட்சையில் தெரியாத கணக்கு வந்த பிள்ளை மாதிரி. "அப்ப அந்த நேரம் நான் என்ன டீச்சர் செய்ய? ஸ்டாஃப் ரூம்ல சும்மா உக்காந்துக்கிட்டு, எதுத்த சொவரப் பாத்துக்கிட்டு?" "எனக்கும் அப்படித்தான் சார் இருக்கும், நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போன பொறவு," என்று அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை. அவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருசமாவா?" என்றார். மத்தியான மணி அடித்தது, அவள் தாளை எடுத்துக்கொண்டு எச்.எம். அறைக்கு ஓடினாள்.